நழுவிய கம்பு

தரை துடைக்கும் மாப்புக் கட்டை கைநழுவி விழுந்துவிட்டால் தனகோடி அதைச் சும்மா எடுப்பதில்லை. வலக் கண், இடக் கண் என்று ஒற்றிக்கொண்டுதான் மறுபடி பக்கெட்டில் முக்குவாள். மாமல்லபுரத்துக் கடலோர விடுதி அது. வெள்ளைக்காரர்கள் இதைப் படம் பிடிப்பார்கள். அங்கே கணக்கு எழுதும் எனக்குச் சிரிப்பு தாங்காது.

"இன்னா சார் சிரிக்கிறீங்க? கீய வுட்டுட்டு சும்மா எட்த்தா அதுக்கு ரோசம் வராதா?"

சிலம்பம் ஆடுகிறவள். விழுந்த கம்பைக் கண்ணில் ஒற்றி எடுக்கும் பழக்கம் மாப்பு வரைக்கும் தொற்றிவிட்டது. புதுப்பட்டினத்தில் அவள் பஸ் ஏறும்போது, பழைய தலையணை உறைகளில் சுற்றிய கம்பும் கூடவே ஏறும். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் என்று ஆரம்பித்தால், "ஒல்லியாத்தானே கீது? ஓரமா நின்னுகினு வரும், வுடு நைனா" என்பாள். வேலை முடிந்ததும் சவுக்குத் தோப்பில் பயிற்சி. விடுதி மெத்தைகளைப் புரட்டிப் புரட்டி வலது தோள் கெட்டுப்போயிருந்தது. அவள் வருவதற்கு முன்னால் வலித்தைல வாசனை வந்துவிடும்.

2003-இல் மலேசியாவுக்குப் போனாள். பெண்களுக்கான ஆயுத ஆட்டப் போட்டி. எதிராளி கிடையாது, ஒவ்வொருத்தியாக வந்து தன் ஆயுதத்தை வீசிக் காட்டவேண்டும். நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோது கம்பு நழுவியது. நழுவினால் மதிப்பெண் குறையும், எடுக்கத் தாமதித்தால் இன்னும் குறையும். இவளோ ஆற அமர எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். நான்காம் இடம். ஷேர் ஆட்டோ ஓட்டும் கணவன் துரை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறான்: "ஏரோப்ளேன் ஏறிப் போயி கும்புட்டுகினு வந்துச்சு சார் இது."

இந்த வருஷத்தோடு கம்பை மூட்டை கட்டிவிடு என்று செங்கல்பட்டு டாக்டர் சொல்லிவிட்டார். போன மாதம் சென்னையில் நடந்த சர்வதேசப் போட்டிதான் கடைசி. ஒரு தடவையாவது கழுத்தில் மெடலோடு நிற்கவேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

"இந்த தபா வுழுந்தா கண்ணு கிண்ணு எதுவும் கெடையாது சார். எட்த்தேன், சுத்துனேன்னு போய்கினே இருப்பேன்."

நானும் போயிருந்தேன். பளபளக்கும் பட்டுச் சட்டையில் வாளும் ஈட்டியுமாகச் சின்னஞ்சிறு பெண்கள். நடுவில் நரை எட்டிப்பார்க்கும் தலையோடு இவள். ஆனால் கம்பு சுழன்றதும் அரங்கமே வாயை மூடிக்கொண்டது. முடிகிற நேரத்தில் தோள் வெட்டி இழுத்தது. கம்பு விழுந்தது. குனிந்து எடுத்தாள். கை கண்ணை நோக்கிப் பாதி தூரம் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு சுழற்றிவிட்டாள்.

மூன்றாம் இடம்! துரை விசிலடித்தான். நான் இந்த வயதில் நாற்காலி மேல் ஏறினேன். அவள் முகம் மட்டும் தெளியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் துரை பிரியாணிப் பொட்டலத்தை நீட்டினான். "காலையிலேர்ந்து ஒண்ணுமே துன்னல நீ. இந்தா."

"இருய்யா."

திருவிடந்தை தாண்டியதும் கம்பின் உறையை உருவினாள். அதைத் தூக்கப் பார்த்தாள். வலது கை எழவே இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது. உதவலாமா என்று நினைப்பதற்குள் அதை மடியில் குறுக்காகக் கிடத்தினாள். மறுமுனை என் முழங்காலில் வந்து இடித்தது.

தலையைக் குனிந்து கண்களைக் கம்பின் மேல் கொண்டுபோய் வைத்தாள். முதலில் வலது. அப்புறம் இடது.