ஐந்து வண்டிக்கு மூன்று போர்வை

அதிராம்பட்டினத்தில் வீடு என்றால் அது பெண்ணுக்குத்தான். பெண் பிறந்த வருஷமே செங்கல் வாங்கி அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு வருவான். மீரா உசேனும் அப்படித்தான் 1990இல் ஆசியாவின் வீட்டுக்கு வந்தான். ஆசியா வேறு யாருமில்லை, அவனுக்குத் தாய்மாமன் மகள். அவன் உம்மா ஜன்னத் பீவிக்கு மூத்தவர் சைபுல்லா. இளையவள் நஃபீசா, அவளுக்கு முத்துப்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை வந்தது. அந்தச் சைபுல்லாவின் ஒரே மகள்தான் ஆசியா.

சைபுல்லாவுக்குப் பட்டுக்கோட்டையில் ஜவுளிக்கடை. மீரா உசேன் பதினேழு வயதிலிருந்து அந்தக் கடையில்தான் நின்றான். மாமா அவனுக்குச் சொன்ன முதல் சட்டம் இது: வந்தவர்களுக்கு மூன்று சேலைக்கு மேல் விரிக்காதே. நாமாகவே நாலாவதை விரித்தால், "பார்த்துட்டு வர்றோம்" என்று எழுந்து போய்விடுவார்கள். அதிகம் பார்த்தால் மனசு குழம்பிவிடும், அதனால்தான் இந்தச் சட்டம் என்று மீரா உசேன் தானாகவே ஒரு காரணம் வைத்துக்கொண்டான். மாமாவிடம் கேட்டதில்லை. தாய்மாமனிடம், அதுவும் பெண் கொடுக்கப்போகிறவரிடம், ஏன் எதற்கு என்று எவன் கேட்பான்?

கல்யாணமான மூன்றாம் வருஷம் துபாய்க்குப் போனான். ஊரில் பாதி ஆண்பிள்ளைகள் அங்கேதான். அவனுக்குக் கிடைத்தது ஒரு கார் கடையில் துடைக்கிற வேலை. சாதாரணக் கார் இல்லை. தரையோடு தரையாகத் தவளை மாதிரி உட்கார்ந்திருக்கும், கிளப்பினால் வயிற்றுக்குள் அதிரும், அந்த ஜாதிக் கார். கதவைத் திறந்து மூடினாலே பாலைவனத் தூசி வந்து உட்காரும். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, அஸர் தொழுகைக்குப் பிறகு சாயங்காலம் ஒரு முறை. பத்து வருஷம் துடைத்தான். துடைத்தபடியே அரபு பேசக் கற்றான், மலையாளம் கற்றான், எந்த வண்டியில் என்ன இருக்கிறது என்பதையும் கற்றான். வாங்க வந்தவர்களே விற்பனையாளரை விட்டுவிட்டு இவனைக் கேட்க ஆரம்பித்தார்கள்.

ரெண்டு வருஷத்துக்கு ரெண்டு மாதம் விடுப்பு. அவ்வளவுதான் அவனுக்கும் ஆசியாவுக்கும். மூத்த மகள் ஹுமைராவுக்கு அவனைத் தெரியும். சின்னவள் நஜ்மா ஒரு தடவை, அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, ஆசியாவிடம், "உம்மா, இவங்க எப்பப் போவாங்க?" என்று கேட்டாள். மீரா உசேன் கையில் எடுத்த சோற்றை மறுபடி தட்டில் வைத்தான்.

துடைக்கிறவனுக்குக் குடும்ப விசா கிடையாது. வேலைத் தாளில் விற்பனையாளர் என்று எழுத்து மாறினால் உண்டு. 2003இல் கடை மேலாளர், அவர் ஒரு லெபனான்காரர், இவனைக் கூப்பிட்டார். கார் செய்கிற கம்பெனி அதுவரை அந்த வண்டியை ரெண்டு வகையாக விட்டுக்கொண்டிருந்தது. சாதா ஒன்று, டாப் ஒன்று. இப்போது நடுவில் இன்னும் மூன்று வகை விடலாமா என்று யோசிக்கிறார்கள். மூன்று மாதம் ஐந்தையும் சில கடைகளில், இந்தக் கடையிலும், நிறுத்தி விற்றுப் பார்க்கப் போகிறார்கள்.

"நீ விடுப்பு முடிந்து வந்ததும் அந்த மூன்று மாதமும் விற்பனையில் நில். தேறினால் விற்பனையாளர். தேறாவிட்டால் பழைய துணிதான்" என்றார். "அத்துடன், ஐந்து வகை வேண்டுமா வேண்டாமா என்று கம்பெனிக்காரர் உன்னையும் கேட்பார். யோசித்துக்கொண்டு வா."

ஊருக்கு வந்தவன் அந்த யோசனையை மாமா கடைக்குத்தான் கொண்டுபோனான். கடையில் இராஜாங்கம் உட்கார்ந்திருந்தார். மதுக்கூர்ப் பக்கத்து ஆள். அவர் அப்பா அடுத்தவர் பண்ணையில் கூலிக்கு நின்றவர், இவர் சொந்தமாக மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், வைத்திருந்தார். மேட்டூர் தண்ணீர் நேரத்துக்கு வராததால் அந்த வருஷமும் குறுவைச் சாகுபடி இல்லை. வேலை இல்லாத நாளில் பட்டுக்கோட்டைக்கு வந்து சைபுல்லா கடையில் பேசிக்கொண்டிருப்பது அவருக்கு வழக்கம்.

"அஞ்சும் ஒரே வண்டிதானே மாப்பிள்ளை?" என்று சைபுல்லா கேட்டார்.

"ஒரே வண்டிதான் மாமா. ஒண்ணுல சீட்டு முழுத் தோலு. ஒண்ணுல பாதி தோலு, பாதி துணி. ஒண்ணுல சக்கரம் கறுப்பு. ஒண்ணுல பின்னாடி ரெக்கை."

"ரெக்கையா? பறக்குமா பாய்?" என்றார் இராஜாங்கம்.

"பறக்காதுங்க. பறக்குற மாதிரி இருக்கும்."

"அதுக்கு ஒரு வகையா? எங்க வயலைப் பாருங்க. குறுவைக்கு ஒரு நெல்லு, சம்பாவுக்கு ஒரு நெல்லு. தண்ணி தாமசமானா நூத்தஞ்சு நாள்ல வர்றது ஒண்ணு. தண்ணி நிக்கிற பள்ளக்காலுக்குத் தனி நெல்லு. தேவை வந்துச்சு, ரகம் வந்துச்சு. ஒங்க அரபிக்கு என்ன தேவை? அவன் பள்ளக்கால்ல ஓட்டப்போறானா, மேட்டுல ஓட்டப்போறானா?"

"ரெண்டும் இல்லைங்க. ஒரே ரோடுதான். அதுவும் கண்ணாடி மாதிரி."

"அப்ப ஒண்ணே போதும். ரெண்டு விட்டதே அதிகம்."

சைபுல்லா முழக்கோலை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். "நம்ம ஊர்ல அம்பாசடரும் பியட்டும்தான் ரோட்டுல ஓடுச்சு. மாப்பிள்ளை வீட்டார் எதுல வந்தாங்கன்னு பத்து நாளைக்குப் பேசுவாங்க. இப்ப பட்டுக்கோட்டையில பதினெட்டு தினுசு ஓடுது. போன வாரம் கல்யாணத்துல யாரு எதுல வந்தான்னு கேளுங்க, ஒருத்தனுக்கும் ஞாபகமில்ல."

"இப்ப வேணுமா வேண்டாமா மாமா?"

"ஒங்களுக்குத் தெரியாததா? பதிமூணு வருஷம் நின்னீங்களே இங்க" என்று சொல்லிவிட்டு, வந்த வியாபாரத்தைக் கவனிக்கப் போய்விட்டார்.

வீட்டில் ஆசியாவும் கேட்டாள். "அஞ்சு வகைன்னு சொன்னா விசா கிடைக்குமா, ரெண்டு போதும்னு சொன்னா கிடைக்குமா?"

"வித்தா கிடைக்கும்."

"அப்ப விக்கிற வழியைப் பாருங்க. வகையை அவன் பார்த்துக்கட்டும்."

திரும்பிப்போன முதல் நாளே கம்பெனிக்காரர் வந்துவிட்டார். வெள்ளைக்காரர், நெட்டையான ஆள். வரிசையாக எல்லாரையும் கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாரும் ஐந்து நல்லது என்றார்கள். மீரா உசேன் மட்டும், "ரெண்டு போதும். அதிகம் காட்டினால் மனசு குழம்பும்" என்றான். மேலாளர் முகம் கறுத்தது. கம்பெனிக்காரர் தலையாட்டிவிட்டு, மூன்று மாதம் கழித்து வருவதாகச் சொல்லிப் போனார்.

முதல் மாதம் ஐந்தும் வரிசையாக நின்றன. அவன் சொன்னபடியேதான் நடந்தது. வந்தவர்கள் இதற்கும் அதற்கும் நடந்தார்கள். இதில் ரெக்கை இருக்கிறது, தோல் இல்லையே என்பார்கள். அதில் தோல் இருக்கிறது, சக்கரம் கறுப்பில்லையே என்பார்கள். அண்ணனைக் கேட்டுவிட்டு வருகிறேன், உம்மாவைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப்போய்விடுவார்கள். பட்டுக்கோட்டைக் கடையில் நாலாவது சேலையை விரித்த கதைதான். ஒரு வண்டிகூட அவன் கையால் விற்கவில்லை. சொன்னது பலித்ததில் அவனுக்குச் சந்தோஷம் இல்லை. சொன்னது பலித்தால் துணியைத்தானே மறுபடி எடுக்க வேண்டும்.

இரண்டாம் மாதம் ஒரு காலையில், மேலாளர் வருவதற்கு முன்னால், யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தான். நடுவகை மூன்றையும் கடைக்குள்ளேயே பின்பக்கம் ஓட்டிப்போய் நிறுத்தி, மேலே வெள்ளைப் போர்வை போட்டு மூடினான். ஜவுளிக்கடையில் அன்றைக்கு விரிக்க வேண்டாத கட்டுகளுக்கு வெள்ளைத்துணி போட்டு மூடுவார்களே, அதே மாதிரி. முன்னால் சாதாவும் டாப்பும் மட்டும் நின்றன. இனி யாரும் குழம்ப மாட்டார்கள் என்று நினைத்தான். முதல் மாதம் ஒன்றும் போகாத கோபத்தில் இருந்த மேலாளரும், எப்படியாவது விற்றால் சரி என்று விட்டுவிட்டார்.

மறுநாள் ஒரு அரபு இளைஞன் ரெண்டு நண்பர்களோடு வந்தான். முன்னால் நின்ற வண்டிகளைப் பார்த்தான். பிறகு பின்னால் பார்த்தான்.

"அந்தப் போர்வைக்குள் என்ன?"

"அது ஒன்றுமில்லை."

"ஒன்றுமில்லாததை ஏன் மூடி வைத்திருக்கிறாய்?"

இங்கேதான் மீரா உசேன் பட்டுக்கோட்டைப் புத்தியைக் காட்டினான். கடைக்கு வருகிற சொந்தக்காரர்கள் கைமீறி வாங்கப் பார்த்தால், "ஒங்களுக்கு இது போதும்" என்று கடைக்காரனே தடுப்பான். அதுதான் மரியாதை. அதற்காகவே மறுபடி அந்தக் கடைக்கு வருவார்கள். அதே மரியாதையோடு இவனும், "உங்களுக்கு இந்த ரெண்டில் ஒன்று போதும்" என்றான்.

எனக்கு எது போதும் என்று சொல்ல நீ யார் என்பது போல இளைஞனின் முகம் சிவந்துவிட்டது. இவனைத் தள்ளிக்கொண்டு பின்னால் போய், போர்வையைத் தானே இழுத்தான். ரெக்கை வைத்த வண்டி. சுற்றி ஒரு தடவைகூட நடக்கவில்லை. "இதுதான்" என்றான்.

அவன் வாங்கிப் போய் மற்ற நண்பர்களிடம் சொன்னான். வாரத்துக்குள் நாலு பேர் வந்தார்கள். நாலு பேரும் முன்னால் நின்றதைத் தாண்டி நேராகப் பின்பக்கம்தான் போனார்கள். மூடினது விற்க விற்க, கிடங்கிலிருந்து அதே வகையைக் கொண்டுவந்து மறுபடி மூடினான். முன்னால் நின்ற சாதாவும் டாப்பும் ஏறெடுத்துப் பார்ப்பாரில்லாமல் தூசி வாங்கின. பழக்க தோஷத்தில் அதையும் அவனே துடைத்தான்.

வெள்ளிக்கிழமை மாமாவுக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னான். அந்தப் பக்கம் வெகுநேரம் சிரிப்புச் சத்தம்தான்.

"அட மாப்பிள்ளை, பதிமூணு வருஷம் என்னத்தைப் பார்த்தீங்க? விரிச்ச சேலையையா பொம்பளைங்க எடுத்தாங்க? மூணை விரிச்சுட்டு நிறுத்துனா, அலமாரியைக் கை காட்டி, அந்தக் கட்டுல என்னன்னு கேப்பாங்க. அதைப் பிரிச்சா வியாபாரம் முடிஞ்சுது. அதுக்குத்தானே மூணோட நிறுத்தச் சொன்னேன்."

"மனசு குழம்பும்னு நினைச்சேன் மாமா."

"யாரு சொன்னா அப்படி?"

யாரும் சொல்லவில்லை. அதுதான் விஷயம்.

மூன்றாம் மாதக் கடைசியில் கம்பெனிக்காரர் வந்தார். அந்தக் கடையில்தான் நடுவகை மூன்றும் அதிகம் விற்றிருந்தன. எல்லாம் இவன் கையால். அவருக்கு வாயெல்லாம் பல். "ரெண்டு போதும் என்றாயே, இப்போது என்ன சொல்கிறாய், ஐந்தும் வேண்டும்தானே?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் நின்ற மேலாளர், ஆமாம் என்று சொல், ஆமாம் என்று சொல் என்று கண்ணாலேயே சாடை காட்டினார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை. சொன்னால் ஆசியாவும் பிள்ளைகளும் விமானம் ஏறலாம். ஆனால் பொய்ச் சரக்கைக் காட்டிப் பழக்கமில்லாத கை மீரா உசேனுடையது.

"வகை விற்கவில்லை ஐயா. போர்வை விற்றது" என்றான்.

அவரைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினான். முதல் மாதம் திறந்து கிடந்தபோது ஒன்றும் போகவில்லை என்றான். மூடிய பிறகுதான் போனது என்றான். தான் மூடியது விற்பதற்காக இல்லை, மறைப்பதற்காக என்பதையும் சொன்னான். மேலாளர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"அப்படியானால் கம்பெனி என்ன செய்ய வேண்டும்?"

"ரெண்டு வண்டியும் ஒரு போர்வையும் போதும்."

கம்பெனிக்காரர் கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தார். கை கொடுத்தார். போய்விட்டார். அடுத்த வருஷம் அந்த வண்டி ஏழு வகையாக வந்தது. வகைக்கு ஒன்றாக ஏழு போர்வையும், கம்பெனி பெயர் போட்டு, கூடவே வந்து இறங்கியது. பெரிய இடத்தில் யோசனை கேட்பதும் யோசனையைக் கேட்பதும் வேறு வேறு என்று மீரா உசேன் தெரிந்துகொண்டான்.

அவன் பயந்தது மட்டும் நடக்கவில்லை. கம்பெனிக்காரர் வந்துபோன அந்த வாரமே மேலாளர் தாளில் விற்பனையாளர் என்று எழுத்தை மாற்றிவிட்டார். "நீ சொன்னது சரியோ தப்போ, விற்றது நீதான்" என்றார்.

அன்றைக்கே ஆசியாவுக்குப் போன் போட்டான். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை.

"ஊர்ல என்ன பேசுவாங்கன்னு தெரியுமா? பதினாலு வருஷம் கழிச்சு ஆசியா புருஷன் வீட்டுக்குப் போறாளாம்னு சிரிப்பாங்க. நம்ம தெருவுல எவ போயிருக்கா?"

"வீடுன்னு பெருசா ஒண்ணும் இல்ல. ரெண்டு ரூம்தான். வாடகை வீடு."

"வாடகையா இருந்தாலும் அது ஒங்க வீடு. நான் எங்க வாப்பா கட்டுன வீட்டைப் பூட்டிட்டு வரணும்." பிறகு அவளே சொன்னாள். "வர்றேன். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு. நீங்க எங்க வீட்டுக்கு வந்தப்ப எங்க உம்மா நாப்பது நாள் விருந்து வச்சாங்கல்ல? பாயை விட்டு எந்திரிக்க விட்டாங்களா ஒங்களை?"

"விடல."

"இப்ப நான் வர்றேன். எனக்கு யாரு வைப்பா?"

"நான்தான் வைக்கணும்."

"அப்படிச் சொல்லுங்க."

பள்ளிக்கூடத்துக்குக் கோடை லீவு விட்டதும் பிள்ளைகளோடு வந்து இறங்கினாள். முதல் நாள் காலையில் மீரா உசேன் இடியாப்பம் பிழிந்தான். இறால் போட்டு ஆணம், அதாவது குழம்பு, வைத்தான். ஆசியா காலை மடக்கிப் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொண்டு, "ஆணத்துல புளி தூக்கல்" என்றாள். மறுநாள் புட்டு. அது கல்லாகிவிட்டது. அதையும் சாப்பிட்டாள், குறையையும் சொன்னாள், கையை மட்டும் அடுப்புப் பக்கம் நீட்டவில்லை. பிள்ளைகள் ரெண்டும் வாப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்து, மாவில் கையை விட்டு, அவனிடம் அதட்டல் வாங்கின. அவன் அப்படி அதட்டிப் பழகியதே அந்த நாற்பது நாளில்தான்.

நாற்பத்தோராம் நாள் காலையில் அவன் எழுந்து வந்தபோது அடுக்களையில் டப்பா எல்லாம் இடம் மாறியிருந்தது. ஆசியா முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றிருந்தாள்.

"சீனி டப்பாவுல உப்பு, உப்பு டப்பாவுல ரவை. இதை வச்சா இத்தனை நாளு ஓட்டுனீங்க? தள்ளுங்க அந்தப் பக்கம்" என்றாள். அவன் தள்ளி நின்று, அவள் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனான்.