எட்டாவது ஆள் மேரிறோஸ்

என் மச்சாள் மேரிறோஸுக்கு ஐம்பத்து மூன்று வயது. பாரிசில், லா சப்பலில் வாமதேவன் அண்ணையின் சாப்பாட்டுக் கடையில், நிலக்கீழ் அறையில் நின்று பதினேழு வருடமாக ரோல்ஸ் சுற்றுகிறாள். காலையில் படியால் இறங்கினால் மாலையில்தான் வெளிச்சத்தைப் பார்ப்பாள். கலியாணம் கட்டவில்லை, ஸ்தேனில் ஒரு அறையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய லா கூர்னெவில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து, கேட்காமலே குசினிக்குள் போய்விடுவாள். நான் அவளை வேலைக்காரி மாதிரி வைத்திருக்கிறேன் என்று சனம் கதைக்கிறதாம். கதைக்கிறவர்கள் ஒரு ஞாயிறு வந்து என் சட்டி பானையைக் கழுவித் தரட்டும், பிறகு கதைக்கலாம்.

அவளுக்கு இரண்டு சகோதரங்கள். மூத்தவர் என் புருசன் ஸ்ரனிஸ்லாஸ். இளையவன் அலெக்சிஸ். அவன் நோர்வேக்குப் போய் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்தான். 2001ஆம் ஆண்டு மாரியில் பனியில் கார் சறுக்கிச் செத்துப்போனான். இருபத்து நான்கு வயது. இவர் போய் அங்கேயே அடக்கம் செய்துவிட்டு வந்தார். மேரிறோஸ் அப்போது மன்னாரில் இருந்தாள். பிறகு பிரான்சுக்கு வந்தாள், வந்ததும் அகதி வழக்கைத் தள்ளிவிட்டார்கள். பதினெட்டு வருடம் வதிவிட விசா இல்லை. விசா இல்லாத ஆள் எந்த விமானத்தில் ஏறுவது? தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவன் குழிக்கு ஒரு பிடி மண் போடவில்லை. அங்கே ஒருமுறை போய் ஒரு திரி கொளுத்த வேண்டும் என்பதைத் தவிர வேறு ஒரு ஆசையும் அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

ஒவ்வொரு வருடமும் நவம்பர் இரண்டு, ஆத்துமாக்கள் திருநாள் பூசை முடிய வந்து தமையனுக்குப் பக்கத்தில் இருப்பாள். இவர் படத்தைக் காட்டுவார். சாம்பல் நிறக் கல்லறை, கொஞ்சம் பனி, ஆறு மெழுகுதிரி, பின்னால் ஒரு வெள்ளைத் தண்டு மரம், கல்மதில். அங்கே இருக்கிற கூட்டாளி ஒருவன் வருடா வருடம் திரி கொளுத்திப் படம் அனுப்புகிறான் என்று சொல்வார். உண்மையில் அது இவர் முதலாம் ஆண்டு நினைவுக்குப் போனபோது எடுத்த படம். ஒரே படத்தைத்தான் பதினெட்டு வருடமாகக் காட்டினார். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, "வடிவாக் கொளுத்தி இருக்கினம், அண்ணை" என்பாள். ஒரு பொய்யில் ஒரு மனுசி நிம்மதியாக இருந்தால் அதில் என்ன பாவம் என்று நானும் பேசாமல் இருந்தேன்.

பாவம் எங்கே இருந்தது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் ஒரு அறையில் பத்துப் பேர் படுத்தவர்கள். இன்றைக்கு இருக்கிற அறை நாளைக்கு இல்லை. அதனால் எந்தப் பப்பியே, அதுதான் விண்ணப்பத் தாள், நிரப்பினாலும் லா சப்பல் கடை ஒன்றின் விலாசத்தைத்தான் எழுதுவார்கள். இவரும் நோர்வே தேவாலயத்தில் வாமதேவன் அண்ணையின் கடை விலாசத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். மாற்றவே இல்லை. இருபது வருடம் முடிய ஒரு கடிதம் வந்தது. காசு மேசைக்குக் கீழே தபால் போடுகிற பிஸ்கட் பெட்டியில் அது கிடந்திருக்கிறது. தமையனின் பெயரைக் கண்டு அதை எடுத்துக்கொண்டு வந்தது யார்? மேரிறோஸ்தான். "அண்ணைக்கு ஒரு காயிதம் கிடந்தது, மச்சாள்" என்று பையிலிருந்து எடுத்து என் கையில் தந்தாள். அடுத்த வருடம் இன்னொன்று. அதையும் அவள்தான் கொண்டுவந்தாள்.

என் மகள் நிரோஜினி போனைப் பிடித்து மொழிபெயர்த்து வாசித்தாள். கல்லறையை வைத்திருக்க விருப்பம் என்றால் இந்தத் தாளை நிரப்பி அனுப்புங்கள், பதில் வராவிட்டால் கல்லை எடுத்துவிட்டு இடத்தை வேறு ஆளுக்குக் கொடுப்போம். அவ்வளவுதான் செய்தி. இவர் பிறகு பார்ப்போம் என்றார். இவருடைய பிறகு எனக்குத் தெரியும். நானாவது எழுதிப் போட்டிருக்கலாம். எனக்குத் தலைக்கு மேல் வேலை, அதோடு அவன் என் தம்பியும் இல்லை. இரண்டு கடிதத்தையும் கிழித்துக் குப்பையில் போட்டது நான்தான்.

போன வருடம் மேரிறோஸுக்கு விசா கிடைத்தது. அதே கோடையில் என் தங்கை பிரியதர்சினி நோர்வேயில், மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த ஃபியோர்ட் கரையில் ஒரு வாரத்துக்கு மரவீடு எடுத்தாள். நாங்கள் நான்கு பேர், தங்கை குடும்பம் மூன்று பேர், ஏழு பேர் ஏறுகிற வான். எல்லாம் பேசி முடிந்த பிறகு மேரிறோஸ் கேட்டாள், "நானும் வரட்டோ, மச்சாள்? தம்பியின்ரை இடம் அதுக்குக் கிட்டத்தானாம்." அங்கே கல் இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் தங்கை காதுக்குள், "வரட்டும் அக்கா, அங்கை சாப்பாடு நெருப்பு விலை, அவ சமைப்பா" என்றாள். எனக்கும் அது சரியாகப் பட்டது.

மற்றவர்கள் பெட்டியில் குளிர்ச்சட்டை அடுக்க, அவள் அரிசியும் தூளும் கருவாடும் அடுக்கினாள். அடியில் ஒரு பெட்டி மெழுகுதிரி. பேர்கன் விமான நிலையத்தில் இறங்கியதும் நாங்கள் வானில் ஏறினோம், அவளை என் மகன் தனூஜனோடு பஸ்ஸில் வரச் சொன்னோம்.

முதல் நாள் நீர்வீழ்ச்சி. அவள் ஐந்து மணிக்கு எழும்பிச் சோறு வைத்து, ஏழு பார்சல் கட்டி வான் கதவடியில் கொண்டுவந்து தந்தாள். "நாளைக்கு நீ வா" என்றார் இவர். இரண்டாம் நாள் வள்ளத்தில் அக்கரைக்குப் போய்ச் செரிப்பழத் தோட்டம். வானில் இடமில்லை. மூன்றாம் நாள் பனிமலை. குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நானே முடிவு செய்தேன். நான்காம் நாள் மலைக்கு மேலே ரயில். அன்றைக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணை, தம்பியிட்டை எப்ப போறது?"

"கடைசி நாள் கட்டாயம் போவம்."

"கட்டாயமோ?"

"ஓம் எண்டு சொல்லிட்டன் எல்லே. கதவை விடு."

வான் வெளிக்கிட்டதும் நிரோஜினி பிரெஞ்சில், "அப்பா, மாமியிடம் சொல்லிவிடுங்கள், இது அசிங்கம்" என்றாள். நான் திரும்பி, உன்ரை வேலையைப் பார் என்றேன். கடைசி நாள் மழை பெய்யும், அல்லது யாருக்காவது காய்ச்சல் வரும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ரயிலில் தங்கை எல்லோரையும் சேர்த்துப் படம் எடுத்துக் குடும்பத்துக் குறூப்பில் போட்டாள். 'முழுக் குடும்பமும் நோர்வேயில்' என்று எழுதினாள். மேரிறோஸும் அந்தக் குறூப்பில் இருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து ஒரு கும்பிடு கை வந்தது.

ஐந்தாம் நாள் நாங்கள் ஒரு மரக்கோயில் பார்த்துவிட்டு ஆறு மணிக்குத் திரும்பினோம். வீடு பூட்டிக் கிடந்தது. திறந்து உள்ளே போனால் சோறும் இல்லை, கறியும் இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வரட்டும், நல்லாக் குடுக்கிறன் என்று வாசலிலேயே நின்றேன். ஏழரை பஸ்ஸில் வந்து இறங்கினாள். சப்பாத்தெல்லாம் சேறு.

"எங்கை போனனீ? பிள்ளையள் பசியோடை நிக்குதுகள்."

"தம்பியிட்டைப் போனனான், மச்சாள். அண்ணை முந்தி அனுப்பின படம் போனிலை இருந்தது, ஊர்ப் பேரைச் சொல்லி அதை பஸ்காரனுக்குக் காட்டினன், கொண்டேய் இறக்கிவிட்டான்."

இவர் கதிரையிலிருந்து எழும்பினார்.

"அந்த மரம் நிக்குது, மதிலும் இருக்கு" என்றாள். "தம்பி இல்லை. வேறை ஆரோ ஒரு மனுசி படுத்திருக்கு. பிழையான இடமாக்கும் எண்டு எல்லா வரிசையும் தேடினன். மூண்டு தரம் தேடினன். பிறகு கோயில் பொம்பிளை ஒராள் வந்து கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனா. ரெண்டு தரம் அறிவிச்சம், பதில் இல்லை எண்டு போனிலை தமிழிலை காட்டினா. விலாசத்தையும் காட்டினா." சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தாள். "எங்கடை கடை விலாசம்."

தங்கை தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"மச்சாள், அது நான் கொண்டந்து தந்த காயிதம் தானே?"

"எனக்கு என்னெண்டு தெரியும்? எத்தினை காயிதம் வருது."

"அம்மா, நான் வாசிச்சுச் சொன்னனான்" என்றாள் நிரோஜினி, தமிழில். வீட்டில் தமிழே பேசாதவள் அன்றைக்குப் பார்த்துத் தமிழில் பேசினாள். ஓங்கி அறையத்தான் கை வந்தது.

மேரிறோஸ் அழவில்லை, ஏசவும் இல்லை. பையைத் திறந்து மெழுகுதிரிப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். உடைக்காத பெட்டி. "கரண்ட் போனால் உதவும்" என்றாள். பிறகு கையைக் கழுவிவிட்டு அரிசியைக் களைந்தாள். நாங்கள் சாப்பிட்டோம். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அன்றைக்கு வைத்த மீன்குழம்பு நல்ல உருசி.

கடைசி நாள் காலை நிரோஜினி தலையிடி என்று படுத்துக்கொண்டாள். வானில் ஒரு இடம் மிஞ்சியது. இவர் கதவைத் திறந்து பிடித்து, "ஏறு, மேரிறோஸ், வள்ளத்திலை ஃபியோர்ட் முழுக்கச் சுத்திப் பாக்கலாம்" என்றார். அவள் ஆறு பார்சலை என் மடியில் வைத்தாள். "எனக்கு இனி எங்கை போறதுக்கு, அண்ணை? நீங்கள் போட்டு வாங்கோ" என்று சொல்லிக் கதவைத் தானே சாத்தினாள்.

பாரிசுக்கு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள், குசினிக்குள் போனாள். எனக்கு ஒரு பக்கம் ஆறுதல். சரி, ஆறிவிட்டது, மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். ரோசமில்லாதவள் என்று தங்கையிடம் போனில் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

நவம்பர் இரண்டு வந்தது. பூசை முடிய வந்தாள். கோட்டைக் கழற்றினாள், தமையனுக்குப் பக்கத்தில் வழமையான இடத்தில் இருந்தாள்.

"படத்தைக் காட்டுங்கோ, அண்ணை."

இவர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவள் நீட்டிய கையை எடுக்கவில்லை. இவர் போனைத் திறந்து அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தார். அவள் எல்லா வருடமும் போலவே அதைக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"வடிவாக் கொளுத்தி இருக்கினம், அண்ணை" என்றாள். "வாற வருசமும் காட்டுங்கோ."