கோயிலுக்குப் போகவில்லை

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. வகுப்பில் வாசித்துக்கொண்டிருப்பவள் திடீரென்று சில நொடிகள் அப்படியே நின்றுவிடுவாள். இமை படபடக்கும், கூப்பிட்டால் பதில் வராது. பிறகு விட்ட இடத்திலிருந்து வாசிப்பாள். டீச்சர் அதற்குத் திமிர் என்று பேர் வைத்து, அடிக்கடி வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார். டாக்டர்தான், வலிப்பாக இருக்கலாம், மூளை அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுத்துப் பார்ப்போம் என்றார்.

வலிப்பு என்றதும் என் கணவரின் அக்கா கோவில்பதாகையிலிருந்து எங்கள் குவார்ட்டர்ஸுக்கு ஓடி வந்தார். வெளியே தெரிந்தால் யார் கட்டிக்கொள்வார்கள் என்று, எட்டு வயதுப் பிள்ளைக்கு அன்றைக்கே கல்யாணக் கவலை. டெஸ்டுக்கு எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் தலைக்குக் குளித்து வரச் சொல்லியிருந்தார்கள். அதையே சாக்காக வைத்து, கேட்பவர்களிடம் திருநின்றவூர் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டார். என் கணவர் தலையாட்டினார். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. முதலில் டெஸ்ட் முடியட்டும், சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினேன். துணைக்கு அக்காவும் வந்தார்.

டெஸ்ட் எடுக்கும் பெண் மகளின் தலையில் பசை வைத்து ஒயர்களை ஒட்டினார். ஒரு காகிதக் காற்றாடியை முகத்துக்கு நேரே பிடித்து, விடாமல் ஊதச் சொன்னார். காற்றாடி சுற்றிக்கொண்டே இருந்தது. சட்டென்று நின்றது. மகளின் இமை படபடத்தது. திரையில் அதுவரை கிறுக்கலாக ஓடிய கோடுகள் எல்லாம் ஒன்றாக உயர உயர எழும்பின. அந்தப் பெண், "மாம்பழம்" என்றார். கொஞ்ச நேரத்தில் காற்றாடி மறுபடி சுற்றியது.

"நான் இப்ப என்ன சொன்னேன் பாப்பா?"

மகள் மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். "நீங்க ஒண்ணுமே சொல்லலையே."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. காதில் விழாத கேள்விக்காகவா என் பிள்ளை வெயிலில் நின்றாள்?

நான் சொன்னதையும் அந்தப் பதிவையும் சேர்த்துப் பார்த்த டாக்டர், ஒருவகை வலிப்புதான், மாத்திரைக்குக் கட்டுப்படும் வாய்ப்பு அதிகம் என்றார். வெளியே வந்ததும், தலையை மூடச் சொல்லி அக்கா ஒரு துப்பட்டாவை நீட்டினார். மகளின் தலைமுடி பசையில் திட்டுத் திட்டாக ஒட்டிக் கிடந்தது. துப்பட்டாவை வாங்கி என் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

குவார்ட்டர்ஸ் வாசலிலேயே எதிர்வீட்டு அம்மா பிடித்துக்கொண்டார். கோயிலுக்குப் போன பிள்ளைக்குத் தலையில் என்ன என்று கேட்டார். அக்கா என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

"கோயிலுக்குப் போகல. வலிப்புக்கு டெஸ்ட் எடுத்துட்டு வரோம்" என்றேன்.

அக்கா மகளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அவள் கையை உதறிக்கொண்டாள்.

"நான் திமிர்ல நிக்கல ஆன்ட்டி. எனக்குக் கேக்கவே இல்ல. மிஷின்லயே வந்துடுச்சு."

இரண்டு வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

"இன்னும் சத்தமா சொல்லுடி" என்றேன்.