காலடி மண்

என் தம்பிக்குக் கண்பட்டுவிட்டது என்று அம்மா முடிவு செய்தபோது எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு இரண்டு. ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கில், தொழிற்பேட்டையை ஒட்டிய வரிசை வீடொன்றில் குடியிருந்தோம். தம்பி பத்து நாளாகச் சோற்றைத் தொடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். பேசத் தொடங்கியிருந்த நாலைந்து வார்த்தைகளையும் நிறுத்திவிட்டான். கிளினிக்கில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். பூச்சியும் வரவில்லை, பசியும் வரவில்லை.

குற்றவாளி யார் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிள்ளை கிடையாது. அவர் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "தம்பி நல்லா கொழுகொழுன்னு இருக்கான்லா" என்று சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அது போதும்.

அம்மா தெலுக் இந்தான் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். அங்கே, கண் வைத்தவரின் காலடி மண்ணை எடுத்து, உப்பு மிளகாயோடு பிள்ளையைச் சுற்றி நெருப்பில் போடுவார்கள். மண்ணுக்குப் பஞ்சமில்லாத இடம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அப்பா வேலை முடிந்து வந்ததும், அம்மா என் கையில் ஒரு காகிதத் துண்டைத் திணித்தார்.

"போயி அவ காலடி மண்ணு கொஞ்சம் எடுத்துக்கிட்டு வா. யாரும் பாக்கக்கூடாது. வழியில யாருகிட்டயும் பேசக்கூடாது."

போனேன். அந்த வீட்டு வாசலில் மண்ணே இல்லை. கேட்டிலிருந்து கதவுவரை சிமெண்டு. அதையும் அக்கா தினம் இரண்டு வேளை குழாய் பிடித்துக் கழுவுவார். அவ்வளவு சுத்தமான மனுஷியிடம் மண்ணுக்கு எங்கே போவது? அவருடைய செருப்பைத் தட்டிப் பார்த்தேன், ஒன்றும் உதிரவில்லை. உள்ளே விளக்கு எரியவும் பயந்து ஓடிவந்துவிட்டேன்.

வெறுங்கையோடு போனால் அம்மா தோலை உரித்துவிடுவார். எங்கள் கேட்டருகே அப்பாவின் வேலைச் சப்பாத்து கிடந்தது. பழைய கார் பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் காரீயத்தை உருக்கும் பட்டறையில் அப்பாவுக்கு வேலை. சப்பாத்தின் அடியில் எப்போதும் சாம்பல் நிறத்தில் மண் அப்பியிருக்கும். குச்சியால் நோண்டினேன். தாராளமாக வந்தது. மண் என்றால் மண்தானே என்று மடித்துக்கொண்டு போனேன்.

அப்பா வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல், தம்பியை மடியில் வைத்துக் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் அவனைத் தூக்குவதுதான் அவருடைய முதல் காரியம். அவனும் அவர் காலரைச் சப்பிக்கொண்டே தூங்கிவிடுவான். அம்மா மூன்று முறை சுற்றி, தம்பியைத் துப்ப வைத்து, எல்லாவற்றையும் பழைய பால்மாவு டின்னில் இருந்த கரி நெருப்பில் கொட்டினார். மிளகாய் கருகியும் யாருக்கும் இருமல் வரவில்லை. கண்பட்டிருந்தால் நெடி ஏறாது என்பார்கள்.

"பாத்தீங்களா? அவ கண்ணுதான்."

அப்பா தலையாட்டினார். மண் ஒட்டிய விரலை நான் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அம்மா பக்கத்து வீட்டோடு பேசவில்லை. தீபாவளிக்கு அக்கா கொடுத்தனுப்பிய முறுக்கை அப்படியே குப்பையில் போட்டார். அந்த முறுக்கு விஷயத்தில் எனக்கு அம்மாமேல் இன்றும் கோபம் உண்டு. தம்பிக்கோ குணமாகவில்லை. ஒருநாள் வலிப்பு வந்து, ஈப்போவில் பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவன் ரத்தத்தில் காரீயம் கலந்திருப்பதாகச் சொன்ன டாக்டர், அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டாராம். அப்பா மறுநாளே வேலையை விட்டார். சப்பாத்தையும் காணோம்.

தம்பிக்கு இப்போது இருபது தாண்டிவிட்டது. ஒரு வேலையை மூன்று முறை சொன்னால் செய்வான், சிரித்த முகம். பக்கத்து வீட்டு அக்கா, நாங்கள் ஏன் பேச்சை நிறுத்தினோம் என்று தெரியாமலேயே வீடு மாறிப் போனார்.

பெரியவர்கள் தம்பியோடு மருத்துவமனையில் இருந்த அந்த நாட்களில் நான் யாருக்கும் தெரியாமல் அழுதுகொண்டிருந்தேன். தம்பியை இந்தப் பாடு படுத்தியவரின் காலடி மண்ணைக் கொண்டுவரச் சொன்னால், வேறு யாருடையதையோ கொண்டுவந்துவிட்டேனே என்று.