இடைவேளையில் ஆளை வீட்டுக்கு அனுப்பிய மாஸ்டர்

நல்லதம்பி மாஸ்டர் போய்விட்டார் என்று அவருடைய மகள் போனில் சொன்னபோது, நான் டென்மார்க்கில் எங்கள் பிராண்டே நகர மைதானத்தில் கோல் கம்பத்துக்கு வலை கட்டிக்கொண்டிருந்தேன். தமிழில் தொடங்கியவள் மிச்சத்தை டேனிஷில் சொல்லி முடித்தாள். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். மருந்தை ஒழுங்காகப் போடுங்கோ என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அந்த மனிதர் யார் சொல்லைக் கேட்டார்? அவரை அறிந்த உங்களுக்கு இது புதிதாக இராது.

எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்கு அவரைப் பயிற்சியாளராக எடுப்பதா என்று நாங்கள் மண்டையை உடைத்த கதையைச் சொல்லத்தான் வேண்டும். டென்மார்க் அரசையே பின்னாளில் கவிழ்த்து, தமிழர் வழக்கு என்று பேர்பெற்ற விவகாரம் நடந்த காலம் அது. குடும்பங்களைக் கூப்பிட நாங்கள் போட்ட விண்ணப்பங்கள் காரணம் சொல்லப்படாமல் கிடப்பில் கிடந்தன. மனைவிமார் விசாவை எதிர்பார்த்துக் கொழும்பு லொட்ஜ்களில் இருந்தார்கள். ஞாயிறுகளில் அவர்கள் தொலைபேசிக் கடைக்கு வந்து காத்திருக்க, குறித்த நேரத்துக்கு நாங்கள் இங்கிருந்து போன் எடுப்போம். எங்கள் ஆட்டங்களும் ஞாயிறு காலையில்தான் வந்து விழுந்தன.

பதவிக்கு இரண்டு பேர். ஒருவர் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருந்த டேனிஷ்காரர். மற்றவர் யாழ்ப்பாணத்தில் கல்லூரி அணியைப் பழக்கிய மாஸ்டர். கழகத் தலைவர் அந்தோனி அண்ணை மாஸ்டரிடம் முதலில் கேட்டது எந்தக் கல்லூரி என்றுதான். பதிலைக் கேட்டதும் முகம் கறுத்துவிட்டது. தலைவர் படித்த கல்லூரியை வருஷா வருஷம் தோற்கடித்த கல்லூரி அது. பிறகென்ன, ஏதோ ஒரு பழைய மட்ச்சில் விழுந்த கோல் ஒவ்சைட்டா இல்லையா என்று இரண்டு பேரும் பிடுங்குப்பட்டார்கள். செயலாளரான நான் தலையில் கைவைத்தபடி இருந்தேன். கடைசியில் ஆளுக்கொரு ஆட்டம் கொடுத்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று.

டேனிஷ்காரருடைய ஆட்டத்தில் வென்றோம். மாஸ்டருடைய ஆட்டத்திலும் இடைவேளை வரை நாங்கள்தான் முன்னுக்கு. கோல் அடித்தவன் குமரன். போன ஞாயிறு வேலை என்று மனைவிக்குப் போன் எடுக்காத குமரன், இன்றைக்கு மட்ச் என்று எடுக்காமல் விடப்போகிறான் என்பது பேச்சுவாக்கில் மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது.

"பந்து எங்கையும் போகாது. நீர் முதல்ல வீட்டை போய்ப் போன் எடும்," என்றார்.

வாகனம் இல்லை என்று குமரன் சொல்ல, தலைவருடைய கார்த் திறப்பை எடுத்துக் கொடுத்தார். தலைவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாற்று ஆள் இல்லாமல் பத்துப் பேராக ஆடித் தோற்றோம். தலைவர் என்னோடு பஸ்ஸில் வீடு திரும்பினார்.

அன்று பின்னேரக் கூட்டத்துக்கு டேனிஷ்காரரை எடுப்பதென்ற முடிவோடுதான் எல்லாரும் வந்திருந்தோம். இப்படியும் ஒரு பயிற்சியாளர் உண்டோ என்று தலைவர் சத்தம் போட்டார். மாஸ்டர் எழும்பாமலே பதில் சொன்னார்.

"நானும் ஒரு ஞாயிறு மட்ச் பாக்கப் போய் மனிசிக்கு எடுக்காமல் விட்டனான், அண்ணை. நான் கைவிட்டிட்டன் எண்டு நினைச்சு அவ பிள்ளையோட யாழ்ப்பாணம் திரும்பிப் போயிட்டா. இப்ப சண்டையால பாதையும் இல்லை, போனும் இல்லை."

வாக்கெடுப்பில் மாஸ்டருக்காக முதலில் கை உயர்த்தியவர் தலைவர்தான்.

பிறகு நாங்கள் பட்ட பாட்டை எங்கே போய்ச் சொல்ல. உடுப்பு மாற்றுமுன் ஒவ்வொருவனையும் "வீட்டுக்கு எடுத்தாச்சோ?" என்று கேட்பார். இல்லை என்றவனை அனுப்பிவிடுவார். எட்டுப் பேராகவும் ஆடியிருக்கிறோம். கடைசி இடத்திலேயே குடியிருந்தோம். கெஞ்சிப் பார்த்தேன், ஏசியும் பார்த்தேன். "தோத்தால் அடுத்த கிழமையும் மட்ச் இருக்கும்," என்பார். குமரனின் மனைவி பொறுத்திருந்து வந்து சேர்ந்தார். ஒவ்வொரு குடும்பமாக வந்து இறங்கியது. மாஸ்டரின் மனைவியும் மகளும் வந்தது எல்லாருக்கும் கடைசியில்தான்.

இன்றும் கழகச் செயலாளர் நான்தான். பயிற்சியாளர் தெரிவுக்கு யாராவது வந்தால் இளம் ஆட்கள் சான்றிதழைக் கேட்கிறார்கள். வென்றுகொண்டிருக்கும்போது ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்புவீரா என்று நான் கேட்பேன். மாஸ்டரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான்.

அஞ்சலிக் கூட்டம் வருகிற ஞாயிறு காலை. வென்றே ஆகவேண்டிய ஆட்டமும் எங்களுக்கு அதே நேரம். ஆட வரமாட்டோம் என்று அறிவித்துவிட்டேன். எல்லாரும் வந்துசேருங்கள். மாஸ்டர், போன பிறகும் எங்களைத் தோற்கடித்துவிட்டீர்கள்.