கிளிப்டன் நிலையமும் அண்ணை காப்பாற்றிய பெயரும்

தெல்லிப்பளையில் பிறந்து லண்டன் கிங்ஸ்பரியில் கண்மூடிய எங்கள் அண்ணை, இடையில் ஓரிடத்திலும் ஆறுதலாக இருந்தவரல்லர். தேநீரைக்கூட நின்றபடியே குடிப்பார். ஓராண்டு நினைவு மலருக்காக இதை எழுதும் தங்கைக்கும் இன்று இருப்புக் கொள்ளவில்லை.

ரயில் பாதை முடிகிற காங்கேசன்துறை நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவர் அவர். தொண்ணூறில் சண்டையால் ரயில் நின்றது. அண்ணியையும் மகளையும் கொழும்பில் விட்டுவிட்டு லண்டன் வந்து அகதி மனுக் கொடுத்தார். மனு சரிவந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். அதுவரை என் வீட்டு முன்னறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். கம்பளம் தேய்ந்தது, என் பொறுமையும் தேய்ந்தது.

இங்கே அவரோடு ரயில் பெட்டி கழுவும் வேலை செய்த அயர்லாந்துக்காரர் ஒருவர் தம்முடைய ஊர்க் கதை சொன்னாராம். கிளிப்டன், மேற்குக் கரையோர ஊர். பசித்த சனத்துக்கு வேலை கொடுக்கவென்று போட்ட பாதையின் கடைசி நிலையம். நாற்பது வருடம் ஓடியபின் மூடி, தண்டவாளத்தையும் கிளப்பிவிட்டார்கள். கட்டடம் மட்டும் நிற்கிறது. அதே கிழமை ஊரிலிருந்து கடிதம் வந்தது: எங்கள் தண்டவாளங்களைப் பதுங்குகிற பங்கர் கட்டக் கழற்றுகிறார்கள்.

"தண்டவாளமில்லாத ஸ்டேஷனைச் சனம் என்ன செய்யுதெண்டு பார்க்கவேணும் பிள்ளை. ஆனா மனு முடியுமட்டும் நாட்டை விட்டுப் போகேலாதெல்லே?"

"அயர்லாந்தும் ஒரு வெளிநாடே? கப்பலிலை பாஸ்போர்ட்டும் பார்க்கமாட்டினம். போட்டு வாங்கோ அண்ணை" என்றேன். இரண்டு நாளாவது வீடு அமைதியாக இருக்கட்டும் என்பதுதான் என் எண்ணம்.

போனார், வந்தார். "பழைய கட்டடத்தடியிலை குந்தியிருந்து பாண் சாப்பிட்டன்" என்றார். இருந்து சாப்பிட்டாராம்!

விசாரணையில், வந்தபின் நாட்டைவிட்டுப் போனீரா என்று கேட்டார்கள். பொய் சொல்லத் தெரியாத அண்ணை ஓம் என்றார். மனுவைக் கைவிட்டதாகக் கணித்துவிட்டார்கள். புதிதாக எழுதி, அண்ணி வந்திறங்க மேலும் நான்கு வருடம் சென்றது. மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கை அண்ணை என் வீட்டில் வீடியோவில் பார்த்தார்.

"ஆர் சொல்லி அங்கை போனனீங்கள்?" என்று அண்ணி கேட்கும்போதெல்லாம், "என்ரை விசர்தான்" என்பார். என் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். அண்ணி வந்தபின் அவரோடு அண்ணை வாழக் கிடைத்தது இரண்டே வருடம்.

ஆஸ்பத்திரியில் முறைவைத்து அவர் பக்கத்தில் இருந்த உறவுகளுக்கும், கிரியைகளில் தோள் கொடுத்த அயலவருக்கும், வேலைக்குப் போகாமல் வந்து நின்ற கிளிப்டன் நண்பருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணி, மேலே வாசித்ததை அண்ணை உங்களுக்குக் கடைசிவரை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது மண்டபத்தில் உங்கள் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். நீங்கள் வாசித்து முடிக்கும்வரை எழும்பமாட்டேன்.