பீரோவில் இருக்கும் ஒரிஜினல்

என் பீரோவின் உள்ளறையில், பட்டுப்புடவைக்கு அடியில், ஒரு தாள் இருக்கிறது. மடிப்பு இல்லை, கறை இல்லை, ஓரத்துப் பச்சைப் பூவேலைகூட மங்கவில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடுவில் பல்கலைக்கழகச் சின்னம் நிழல்போலத் தெரியும். இடப்பெயர்வுச் சான்றிதழ் என்று அதற்குப் பேர். நான் முதலில் படித்த பல்கலைக்கழகம், இவள் இனி வேறு எங்கே வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தது. நான் எங்கேயும் போகவில்லை. வருடத்துக்கு ஒருமுறை, வீட்டில் யாரும் இல்லாத ஒரு பகலில், கதவைச் சாத்திக்கொண்டு எடுத்துப் பார்ப்பேன். பார்க்கும்போதெல்லாம் திண்டிவனத்து சென்டர் சார்தான் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்பார்.

நான் வளவனூர்ப் பக்கத்தில் அங்கன்வாடி டீச்சர். மையத்துக்கு முட்டை வந்தால் ஒவ்வொன்றாகத் தண்ணீர் வாளியில் போட்டுப் பார்ப்பேன். மிதந்தால் கூமுட்டை, வண்டியிலேயே திருப்பி ஏற்றிவிடுவேன். “இன்னா டீச்சரம்மா, ஊரு ஒலகத்துல யாரும் இப்டி பண்றதில்ல, ஒங்களோட பேஜாரா போச்சு” என்று முட்டை வண்டிக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொள்ளட்டும். மனிதர்களையும் நான் அப்படித்தான் பார்ப்பது. காரணம் என் அக்கா. நர்சிங் சீட்டு வாங்கித் தருகிறேன் என்று வந்த ஒரு ஏஜெண்டிடம் பிளஸ் டூ மார்க் ஷீட்டைக் கொடுத்தாள். ஆளையும் காணோம், மார்க் ஷீட்டையும் காணோம். அதோடு அவள் படிப்பு முடிந்தது. “செத்தாலும் ஒரிஜினலை ஒருத்தன் கையில குடுக்காதடி” என்று அவள் அழுதுகொண்டே சொன்னபோது எனக்குப் பதினைந்து வயது.

பிற்பாடு வேலைக்கு வந்து, அஞ்சல் வழியில் பி.ஏ. சேர்ந்தேன். இரண்டு வருடத்துத் தாள்கள் எல்லாவற்றிலும் பாஸ். அப்புறம் பிரசவம், குழந்தை, அது இது என்று விட்டுப்போயிற்று. மறுபடி படிக்கலாம் என்று போனால் அந்தப் பாடப்பிரிவையே நிறுத்திவிட்டார்களாம். டிகிரி இருந்தால் சூப்பர்வைசர் பட்டியலில் என் பேர் ஏறும். இல்லாவிட்டால் ரிடையர் ஆகிறவரை வாளியில் முட்டை போட வேண்டியதுதான். அந்தச் சமயத்தில்தான் இன்னொரு பல்கலைக்கழகம், பாடமெல்லாம் கம்ப்யூட்டரிலேயே வரும், கட்டணம் கம்மி, பழைய படிப்பையும் சேர்த்துக்கொள்வோம் என்று ஆரம்பித்திருந்தது. விழுப்புரத்தில் அதற்கு ஆள் சேர்த்து விண்ணப்பம் அனுப்புகிற சென்டர் வைத்திருந்த இரண்டு பேர் ஏற்கெனவே பூட்டிக்கொண்டு ஓடியிருந்தார்கள். மிச்சம் திண்டிவனத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருந்த இவர்தான்.

“நீங்க பாஸ் பண்ண பேப்பர் அத்தினியும் கிரெடிட்டா மாத்திக்குவாங்க டீச்சரம்மா. மூணாவது வருஷம் மட்டும் படிச்சா போதும். டிகிரி கையில” என்றார், காபி குடிக்கிற மாதிரி. அவ்வளவு சுளுவாக ஒரு நல்லது எனக்கு நடந்ததே கிடையாது. அன்றைக்கே எனக்குள் மணி அடித்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த மனுஷனிடம் எதைப் பார்த்தாலும் தப்பாகவே பட்டது. சட்டைக்குக் கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தார். எதை மறைக்கிறார் என்று தோன்றியது. பணத்தைக் கையில் வாங்க மாட்டேன், பல்கலைக்கழகத்தின் பேருக்கு டிராஃப்ட் எடுங்கள் என்றார். அடேயப்பா, எவ்வளவு யோக்கியன் வேஷம் என்று நினைத்தேன். பின்னால் ஓர் அறை எப்போதும் பூட்டிக் கிடந்தது. அதில் என்ன சார் என்று கேட்டேன். “பசங்களோட பேப்பர்ஸும்மா” என்று சொல்லிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கூட வந்திருந்த என் வீட்டுக்காரர், “நல்ல மனுஷனாதான் தெரியறாரு” என்றார். உங்களுக்கு யார்தான் நல்ல மனுஷனாகத் தெரியவில்லை என்று பஸ்ஸில் வரும்போது அவரை ஒரு பிடி பிடித்தேன்.

பழைய மார்க்குகளை மாற்ற எல்லாவற்றுக்கும் நகல் போதும். இடப்பெயர்வுச் சான்றிதழ் மட்டும் ஒரிஜினலாகவே போக வேண்டும் என்றார். அதுதானே! என் அக்கா குரல் காதில் விழுந்தது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில் கெட்டித் தாளில் கலர் ஜெராக்ஸ் எடுத்தேன். எடுத்த சூட்டோடு அதற்கு லேமினேஷனும் போட்டுக்கொண்டேன். அந்தக் காலத்தில் ரேஷன் கார்டிலிருந்து மார்க் ஷீட்வரை எல்லாவற்றுக்கும் லேமினேஷன் போட்டுவிடுவோம். பிளாஸ்டிக் மூடிவிட்டால் தாளைத் தொட்டுப் பார்க்க முடியாது. பல்கலைக்கழகம் பணத்தையும் பேரையும் ஏற்றுக்கொண்டு ரசீது அனுப்பட்டும், அப்புறம் ஒரிஜினலைத் தரலாம் என்பது என் கணக்கு. ஏமாற்றுகிற எண்ணமே எனக்கு இல்லை. ஏமாறக்கூடாது, அவ்வளவுதான்.

சென்டர் சார் அதை வாங்கிப் பார்த்தார். “அய்யய்யோ, லேமினேட் பண்ணிட்டீங்களா? சரி, வுடுங்க, சொல்லிக்கலாம்” என்று, மூலச் சான்று சரிபார்க்கப்பட்டது என்கிற ரப்பர் ஸ்டாம்ப்பை விண்ணப்பத்தில் குத்திக் கையெழுத்துப் போட்டார். திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அவர் கையையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்தில் யாரோ பிளாஸ்டிக்கைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். சின்னம் இல்லை. சார்தான் முதலில் போன் செய்தார். “டீச்சரம்மா, ஒங்க கவர்ல எங்கியோ மாறிப்போச்சு போலருக்குது. என் கையெழுத்து இருக்குது இல்ல, நான் பேசிக்கிறேன். நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க” என்றார். நான் சரிங்க சார் என்றேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

அடுத்த வாரம் பதிவுத் தபாலில் எனக்கு ஒரு படிவம் வந்தது. மூலச் சான்றிதழைச் சென்டர் ஒருங்கிணைப்பாளரிடம் ஒப்படைத்தீர்களா? ஆம், இல்லை. இரண்டு கட்டம். இல்லை என்றால் போலியைக் கொடுத்தது நான். சான்றிதழ் மோசடி என்று ஒரு காகிதம் எங்கள் ஆபீஸுக்குப் போனால், சூப்பர்வைசர் என்ன, இருக்கிற வேலையும் போகும். ஆம் என்றால், ஒரிஜினலை எடுத்துக்கொண்டு நகலை அனுப்பியவர் அவர். எப்படியும் இந்த ஆள் நாலு பேரை ஏமாற்றித்தான் இருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ‘ஆம்’ கட்டத்தில் டிக் அடித்தேன். அன்றைக்கே தபாலில் சேர்த்தேன்.

சென்டரை மூடச் சொல்லிவிட்டார்கள். சான்றிதழ்களை வாங்கிப் போகச் சொல்லி எல்லோருக்கும் தகவல் வந்தது. போனால், அந்தப் பூட்டிய அறை திறந்து கிடந்தது. உள்ளே இரும்பு அலமாரி. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கவர், மேலே பேர், அப்பா பேர், எந்தத் தேதியில் என்னென்ன வாங்கினார் என்று முத்து முத்தான எழுத்து. பூச்சி அரிக்காமல் இருக்க உள்ளே காய்ந்த வேப்பிலை. வந்திருந்த ஒருவர், “நான் அப்பவே சொன்னேன், ஆளு சரியில்லனு” என்று சத்தமாகவே சொன்னார். சார் பேர் பேராகக் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருவருடைய தாளும் குறையவில்லை. என் கவரையும் எடுத்து நீட்டினார். அதில் பல்கலைக்கழகம் திருப்பி அனுப்பிய என் கலர் ஜெராக்ஸ், கிழிந்த பிளாஸ்டிக்கோடு இருந்தது.

நாலைந்து வருடம் கழித்துத் திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறினால், மூன்றாவது சீட்டில் அவர். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் கொடுத்தார். மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைக்குக் கணக்கு எழுதுகிறாராம். என்ன கேட்கப்போகிறாரோ என்று பயந்துகொண்டே உட்கார்ந்தேன்.

“டிகிரி முடிச்சிட்டீங்களா டீச்சரம்மா?”

“இல்ல சார்.”

“இப்பல்லாம் நெறைய எடத்துல ஆன்லைன்லியே வந்துடுச்சி. பழைய பேப்பரை இன்னமும் மாத்திக்கிறாங்க. ஒரிஜினல் இருக்குதா கையில?”

கேட்டுவிட்டு என்னையே பார்த்தார். வேவு பார்க்கிறாரா, மனசாரத்தான் கேட்கிறாரா? அந்த நேரத்திலும் எனக்கு அந்தச் சந்தேகம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். “ஒங்ககிட்டதான குடுத்தேன் சார்” என்றேன்.

“ஆமால்ல. எங்கிட்டதான் குடுத்தீங்க. மறந்தே போய்ட்டேன் பாருங்க” என்றார். விக்கிரவாண்டியில் இறங்கியவர் என் ஜன்னல் பக்கம் வந்து, “மூணாவது வருஷம்தான பாக்கி. உட்டுடாதீங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போதும் முட்டையைத் தண்ணீரில் போட்டுத்தான் பார்க்கிறேன். என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி சூப்பர்வைசராக வந்து கையெழுத்து வாங்கிப் போகிறாள். இந்த வருடமும் அந்தத் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். சின்னம் பளிச்சென்று தெரிந்தது. சந்தேகமே இல்லை, அசல்தான். எங்கே கொண்டுபோய்க் கொடுத்தாலும், ஒப்படைத்ததாக எழுதிக் கொடுத்த தாள் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று கேட்பார்கள். மறுபடி புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.